மேல்கொல்லைக் கம்பி

சென்னை, மேடவாக்கம்
31.12.2024

அண்ணா,

போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், நடுவில் அண்ணி போனை வாங்கி "அப்புறம் பேசலாம் செல்வி" என்று வைத்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சனிக்கிழமை காலையில் நடந்ததை முழுசாகச் சொல்லப் போகிறேன். அன்று நீ கேட்கவே இல்லை. "கத்தாத, ஊர் கூடிடும்" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

இனியனுக்கு அரையாண்டு லீவு. எங்கள் அடுக்குமாடியில் புறாவைத் தவிர வேறு பறவையைப் பார்க்காத பிள்ளை. மார்கழிப் பனியில் ஏரிப்பக்கம் நடக்கக் கூட்டிப் போகிறேன் என்று ரொம்ப நாளாக ஆசை காட்டி வைத்திருந்தேன். முந்தின நாள் சாப்பிடும்போது உன்னிடமும் சொன்னேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏரிக்குப் போங்க, மேல்கொல்லைப் பக்கம் மட்டும் வேணாம், பாம்பு ஜாஸ்தி" என்றாய். பாம்பு என்றாய்.

விடிந்தும் மலை தெரியவில்லை, அவ்வளவு பனி. ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நின்றிருந்தன. தண்ணீர் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் உள்ளான்களைக் காட்டி, "இதெல்லாம் குளிருக்குப் பயந்து இமயமலையைத் தாண்டி வந்திருக்கு" என்று மாறன் சொன்னார். "இங்கயே இவ்ளோ குளிருதே, இன்னும் கொஞ்சம் கீழ போயிருக்கலாம்ல?" என்றான் இனியன். அவன் அப்பா சிரித்த சிரிப்பில் ஒரு நாரை எழுந்து பறந்தே போய்விட்டது. அடுத்து ஒரு கொண்டலாத்தி, கொண்டையை விரித்து விரித்து மூடிக்கொண்டு தரையைக் கொத்தியது. கரண்ட் கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அப்புறம் கரைச் சேற்றில் மான் குளம்புத் தடம். இனியன் குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தான். "ஈரமா இருக்கும்மா. இப்பதான் போயிருக்கு." தண்ணீர் குடிக்க மலைக்காட்டிலிருந்து இறங்கியிருக்கும் என்றேன். தடத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்றான். போனோம். அது உன் மேல்கொல்லை நிலத்துக்குப் போனது.

நீ பாம்பு என்று சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் தரையைப் பார்த்துத்தான் நடந்தேன். வரப்பில் ஒரு கீரி ஓடியது. இனியன் அதன் பின்னால் ஓடினான். நான் நிமிர்ந்தபோதுதான் அந்த மான் தெரிந்தது. பெட்டை மான். நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கழுத்து ரோமம் கருகிய வாடை. சவுக்குக் குச்சிகளில் முழங்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பி, உன் மோட்டார் கொட்டாய் வரைக்கும் போனது. என் பிள்ளை அந்தக் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டான், அண்ணா. ஸ்வெட்டரோடு சேர்த்து அவன் பின்கழுத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். அவன் கழுத்தில் என் நகக்கீறல் இன்னும் இருக்கிறது.

கரண்ட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தத் திசைக்கே போயிருக்க மாட்டேன். நீ பாம்பு என்றாய். அதற்கப்புறம், நாங்கள் பையைக் கட்டிக்கொண்டு இருந்தபோது, நீ மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அதைப் புதைத்தாய். திரும்பி வந்து கை கழுவிவிட்டு "சாப்பிட்டுட்டு கிளம்புங்க" என்றாய்.

அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டேன் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
8.1.2025

செல்விக்கு,

வேற எதுவும் எழுதாதன்னு நீ சொன்னா நான் எழுதாம இருக்கணுமா? நீ நாலு பக்கம் எழுதுவ, நான் வாயை மூடிக்கணும். நல்லா இருக்கு நியாயம்.

ஏரில எத்தினி நாரை, எத்தினி உள்ளான், எல்லாம் எழுதியிருக்க. என் கொல்லைய எட்டிப் பார்த்தியே, அதுல என்ன இருந்துச்சின்னு எழுதலையே? போன வருசம் மல்லாட்டை போட்டேன். விதைச்ச மறுநாளே பன்னி வந்து சால் புடிச்சாப்புல மூக்கால தோண்டிக்கினே போயி தின்னுச்சி. மறுபடி விதைச்சேன். காய் புடிக்கிற நேரத்துல கூட்டமா வந்து வேரோட பொரட்டிப் போட்டுச்சி. தகரம் கட்டி அடிச்சேன். பழைய சேலை கட்டினேன். பட்டாசு போட்டேன். அதுங்களுக்கு அது தீவாளி மாதிரி ஆயிடுச்சி. பாரஸ்ட் ஆபீசுல எழுதிக் குடுத்தேன், வந்து பாக்கறோம்னாங்க. இன்னும் வர்றாங்க. இந்த வருசம் மூணாவது தடவ விதை போட்டிருக்கேன். நீ சொல்லு, நான் என்ன பண்ணணும்? பைனாகுலர் வெச்சிப் பாத்துக்கினு இருக்கணுமா?

உனக்கு லீவு விட்டா மயிலு, மானு, கொண்டலாத்தி. எனக்கு லீவு கிடையாது. நீ பாத்துட்டு பஸ் ஏறிடுவ. நான் அதுங்களோட குடித்தனம் பண்றேன்.

மான் மேல எனக்கு என்ன பகை? அது சாகும்னு நான் கட்டல. புதைக்கும்போது என்ன நினைச்சேன்னு உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல.

பாம்புன்னு பொய்தான் சொன்னேன். கரண்டுன்னு சொல்லியிருந்தா மாப்ள சும்மா இருப்பாரா? போட்டோ புடிச்சி ஊருக்கெல்லாம் காட்டியிருப்பாரு. ராத்திரிக்கி மட்டுந்தான் கரண்ட் வுடறது. விடியறதுக்கு முன்னாடி ரேவதி போயி ஆப் பண்ணிடுவா, தினமும் அவதான் பண்றா. அன்னைக்கி உங்க மூணு பேருக்கும் இட்லி ஊத்திக்கினு இருந்தா, மறந்துட்டா. நீங்க வராம இருந்திருந்தா அது ஆப் ஆயிருக்கும். அதையும் எழுதி வெச்சிக்க.

எங்க பக்கம் நான் ஒருத்தன்தான் கட்டியிருக்கேன்னு நினைக்காத. அவுக்க மாட்டேன். அறுவடை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்.

பொங்கலுக்கு வாங்க. கவிநிலா அத்தை வருமான்னு கேட்டுக்கினே இருக்கா.

அருணகிரி


மேடவாக்கம்
11.1.2025

அண்ணா,

நாங்கள் வந்ததால்தான் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? என் பிள்ளை செத்திருந்தால் அண்ணி சுட்ட இட்லியால் செத்தான் என்று சொல்லியிருப்பாய் போலிருக்கிறது.

பன்றி உன் வேர்க்கடலையை அழித்தது கொடுமைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊரைக் கூட்டி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார், நானும் லீவு போட்டு வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன். ஆனால் கம்பிக்குப் பன்றி, மான், பிள்ளை என்று வித்தியாசம் தெரியுமா? மாடு தேடி வருகிறவர்கள் அந்த வரப்பில் நடப்பதில்லையா? பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற ஆயிரம் பேரில் ஒருத்தர் அவசரத்துக்கு ஒதுங்கி உன் கொல்லைக்குள் வர மாட்டாரா?

இனியன் இப்போது தரையில் கிடக்கிற எந்த ஒயரையும் தாண்டுவதில்லை. டேபிள் ஃபேன் ஒயர் குறுக்கே இருந்தால்கூடச் சுற்றிப் போகிறான். நேற்று கேட்டான், "மாமாவுக்குத் தெரிஞ்சேதான் வெச்சாராம்மா?" நான் என்ன சொல்ல?

பொங்கலுக்கு வர மாட்டோம். சீர் வரிசை என்று பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு நீயும் வர வேண்டாம். நான் வாங்க மாட்டேன். பொங்கல் முடிவதற்குள் கம்பியை நீயே அவிழ்த்தால் இது நம் வீட்டோடு முடியும். இல்லையென்றால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்வேன். மிரட்டல் என்றுதான் வைத்துக்கொள்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
24.1.2025

தமிழ்செல்விக்கு,

சொன்னதைச் செஞ்சிட்ட. சந்தோசமா?

திங்கக்கிழம காலையில பாரஸ்ட்காரங்க ஜீப்புல வந்தாங்க. நேரா மேல்கொல்லைக்கிப் போனாங்க. யாரையும் வழி கேக்கல. கம்பி எங்க ஆரம்பிக்குது, கொட்டாய்ல எந்த சுவிட்சு, மானைப் புதைச்ச இடம் எது, எல்லாம் தெரிஞ்சிக்கினு வந்திருக்காங்க. அந்த இடத்த வந்து பாத்தவங்க தவிர வேற யாருக்கு அது தெரியும்?

என்னை வண்டில ஏத்தினாங்க. தெருவே நின்னு பாத்துச்சி. சாயங்காலம் வரைக்கும் ஒரு பெஞ்சில உக்கார வெச்சாங்க. மறுநாள்தான் ஜாமீன். மோட்டாருக்கு லைன கட் பண்ணிட்டாங்க. இப்ப தண்ணி இல்லாம மல்லாட்டை வாடுது. பன்னி தின்னாத குறைய நீ தின்னுட்ட.

டீக்கடையில வேடியப்பன், பக்கத்துக் கொல்லைக்காரன், எல்லார் முன்னாடியும் கேக்கறான், "என்ன அருணகிரி, கூடப் பொறந்ததே போட்டுக் குடுத்துடிச்சாமே?" அவனும் கம்பி கட்டினவன்தான். ராத்திரியோட ராத்திரியா அவுத்துட்டு வந்து என்னைப் பாத்து சிரிக்கிறான்.

கவிநிலாவைக் கேட்டு வந்த இடத்துல இருந்து போன் வந்துச்சி. "கேசு ஏதோ இருக்காமே"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நான் பதில் சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு உனக்குத் தெரிய வேணாம்.

நேரா வந்து என் சட்டையப் புடிச்சிக் கேட்டிருந்தா நீ என் தங்கச்சி. ஆபீசுல போயி சொன்ன பாரு, அதோட முடிஞ்சிது. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத. எனக்குக் கூடப் பொறந்தது யாரும் இல்ல.

அருணகிரி


மேடவாக்கம்
29.1.2025

அண்ணா,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

கம்பி எங்கே ஆரம்பிக்கிறது, எந்த சுவிட்ச், எங்கே புதைத்தாய், எல்லாம் நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை நடந்தாலும் சொல்வேன். நீ ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்தாய். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று என்றைக்காவது நினைத்தாயா?

வாசப்படி மிதிக்கவில்லை. போதுமா?

ஒன்று மட்டும். இதை வைத்து வீட்டில் யாரிடமும் எரிந்து விழாதே. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காதே. திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு. விலாசம் உன்னிடம் இருக்கிறது.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
12.3.2025

செல்வி,

எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். எழுத வெச்சிட்டீங்க.

கவிநிலாவுக்கு அதே இடம் அமைஞ்சிடுச்சி. சித்திரையில கல்யாணம். ஞாயித்துக்கெழம பெரியவங்கள்லாம் நம்ம வீட்ல உக்காந்து பத்திரிகைக்கி பேரு எழுதினாங்க. தாய்மாமன் பேரு வந்துச்சி, சித்தப்பா பேரு வந்துச்சி. பெரியப்பா கேட்டாரு, "அத்தை மாமான்னு செல்வி பேரும் மாப்ள பேரும் எங்கடா?"

"அது வேணாம்"ன்னேன்.

"ஒரே தங்கச்சிடா."

"காட்டிக் குடுத்தவ பேரு என் பொண்ணு பத்திரிகையில வராது"ன்னேன்.

ரேவதி உள்ள காபி ஆத்திக்கினு இருந்தா. டம்ளரை வெச்சிட்டு வெளிய வந்தா. அத்தினி ஆம்பளைங்க நடுவுல வந்து நின்னு சொன்னா, "செல்வி சொல்லல. நான்தான் சொன்னேன். என் பேரையும் எடுத்துடுங்க."

நான் எழுந்துட்டேன். கை ஓங்கிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ஓங்கினேன். கவிநிலா குறுக்க வந்து நின்னா. ரேவதி நகரவே இல்ல. அவ சொன்னது இதுதான், எழுத்துக்கு எழுத்து எழுதறேன்: "கம்பி கட்டினது நீங்க. சுவிட்ச தினமும் போட்டதும் நிறுத்தினதும் நான். அந்தப் புள்ள செத்திருந்தா கொன்னது யாரு கை? நீங்க போத்திக்கினு தூங்குவீங்க. நான் தினமும் இருட்டுல எழுந்து, இன்னைக்கி யாரு செத்துக் கெடக்கறாங்களோன்னு பாத்துக்கினே போவேன். எனக்கு அது முடியல."

அப்புறம் போயி காபிய எடுத்தாந்து எல்லாருக்கும் குடுத்தா. எனக்கும் குடுத்தா.

இருபத்திமூணு வருசமா ஒரே கூரைக்கு அடியில இருக்கறவ ஆபீசுல போயி என்னைப் பத்திச் சொல்லிட்டு வந்து எனக்கே சோறு போட்டிருக்கா. நீ அங்க உக்காந்துக்கினு நான்தான் நான்தான்னு எழுதற. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என்னான்னு நினைச்சீங்க? நான் டீக்கடையில உன்னைப் பேசாத பேச்சு இல்ல. அதெல்லாம் இப்ப எங்க போயி அள்றது?

ஏன் பொய் சொன்ன? அதுக்கு மட்டும் பதில் எழுது.

அருணகிரி


மேடவாக்கம்
17.3.2025

அண்ணா,

கை ஓங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் பொய் சொன்னேன். இதைவிட நல்ல பதில் எனக்கு வேறு தெரியாது.

வாசப்படி மிதிக்காதே என்ற உன் கடிதம் வந்த அன்று அண்ணியே எனக்குப் போன் செய்தார். ரமணாசிரமம் பக்கம் ஏதோ கடைக்கு வந்ததாகச் சொன்னார். வண்டிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "நான்தான் சொன்னேன் செல்வி. அவரு நீதான்னு நினைக்கிறாரு. நான் சொல்லிடட்டுமா?" என்றார். "உங்களை என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. "அப்படின்னா நான்தான்னே இருக்கட்டும் அண்ணி" என்றேன். அவர் வேண்டாம் என்றார், அழுதார். நான் கேட்கவில்லை. உன்னோடு பேசாமல் எனக்குக் காலம் தள்ள முடியும். அவரால் முடியுமா? ஒரே வீட்டில்?

மெய்யாகச் சொன்னால், நான் சொல்லத்தான் இருந்தேன். பொங்கல் முடிந்ததும் வேலூர் வண்டிக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தேன், அங்கே காட்டு இலாகாவில் பெரிய அதிகாரியைப் பார்க்கலாம் என்று. நீ எப்படியும் என் அண்ணன் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நான் தள்ளிப்போட்ட வேலையை அண்ணி செய்துவிட்டார். என்னைவிட அவருக்குத் துணிச்சல் அதிகம். உன்னைவிடவும்.

நீ என்னிடம் கேட்கிறாய், ஏன் பொய் சொன்னாய் என்று. அவரிடம் கேட்டாயா, "என்னிடம் நேராகச் சொல்ல ஏன் பயந்தாய்" என்று? உன் தூக்கம் கலையக் கூடாது என்று விடியுமுன் போய் சுவிட்சை அணைத்தவர், அந்தக் கம்பியை அவிழ்க்கச் சொல்லி உன்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார்? எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

டீக்கடையில் பேசியதை அள்ள வேண்டாம். எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அண்ணி மேல் இனி கை ஓங்கினாய் என்று கேள்விப்பட்டால், அடுத்த தடவை ஆபீசுக்குப் போவது நிஜமாகவே நானாகத்தான் இருக்கும். அது காட்டு ஆபீசாக இருக்காது.

கவிநிலாவுக்கு என் ஆசிகள். பத்திரிகையில் பேர் போடுவது உன் இஷ்டம்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை
2.4.2025

செல்விக்கு,

உன் காயிதத்த ரேவதிகிட்ட குடுத்தேன். நீயே படிடீன்னேன். படிச்சிட்டு மடிச்சி வெச்சா. எத்தினி தடவ கேட்டிருப்பான்னு எழுதியிருக்கியே. நாலு தடவ கேட்டா. எனக்கு ஞாபகம் இருக்கு.

பன்னி மறுபடி வந்துச்சி. லைனு திரும்பி வந்து தண்ணி பாய்ச்சி, தேறின பாதில பாதியத் தின்னுட்டுப் போயிடுச்சி. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரியுது. நீங்க ரெண்டு பேரும் செஞ்சது சரின்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்காத. ஊர்ல பத்து பேரு சேர்ந்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போயி மனு குடுத்துட்டு வெயில்ல உக்காந்தோம். வேடியப்பனும் வந்தான், சிரிக்காம. நீ லீவு போட்டு வரேன்னு எழுதின. வரல. அதையும் சொல்லி வெக்கறேன்.

போன வாரம் ரேவதி கேட்டா, "செல்வி நடந்த பக்கமா ஒரு நாள் நாமளும் போலாமா?" எதுக்குன்னேன். சும்மான்னா. கல்யாணம் ஆன நாளா நானும் அவளும் வேலை இல்லாம எங்கயும் நடந்ததில்ல. கழனிக்கிப் போவோம், கடைக்கிப் போவோம், சாவுக்குப் போவோம். சும்மா போனதில்ல. போனோம்.

பங்குனி வெயிலு, ஏரில தண்ணி கம்மியாயிடுச்சி. நீ சொன்ன இமயமலைக் குருவிங்க ஒண்ணுகூட இல்ல. நாரை மட்டும் நாலஞ்சி சேத்துல நின்னுச்சி. ரேவதி முன்னாடி போறா, நான் பின்னாடி போறேன். மேல்கொல்லை ஓரத்துல வந்தப்ப காரைப் புதருக்குள்ள இருந்து ஒரு தாய்ப்பன்னி வந்துச்சி. பின்னாடி குட்டிங்க, முதுகுல கோடு கோடா, ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சிக்கினு. எங்களைப் பாத்துட்டு நின்னுச்சி. ரேவதி என் கையப் புடிச்சா. நான் கையை உதறிட்டு கல்லை எடுத்து எறிஞ்சேன். எறியாம வுட்டிருப்பேன்னு நினைச்சியா? எறிஞ்சேன். படல. குட்டிங்க நாலா பக்கமும் செதறி ஓடினதைப் பாத்து ரேவதி சிரிச்சா. எனக்குக் கோவம்தான் வந்துச்சி. ஆனா அவ சிரிச்சி நான் ரொம்ப நாளா பாக்கலன்றது அப்பதான் தெரிஞ்சிது.

வரப்புல உக்காந்தோம். "சொல்ல பயமா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். "ம்"னா. அவ்ளோதான் பேசினது. அதுக்கு மேல என்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரியல.

பத்திரிகை அச்சாயி வந்துடுச்சி. இதுகூட வெச்சிருக்கேன். உங்க ரெண்டு பேரு பேரும் இருக்கு. நான் போடல, ரேவதி போட்டா. நான் எடுக்கல.

ரெண்டு நாள் முன்னாடியே வாங்க. அத்தை செய்யற சடங்கை வேற யாரும் செய்யக் கூடாதுன்னு கவிநிலா கட்டளை போட்டிருக்கா. இனியனைக் கூட்டினு வா. இங்க தரையில ஒரு ஒயரும் இல்ல, பந்தல் லைட்டுக்கு எல்லாம் மேலாலதான் இழுக்கணும்னு சீரியல் செட்காரன்கிட்ட சொல்லிட்டேன்.

நீ என்கிட்ட பேசணும்னு இல்ல. நானும் பேசுவேன்னு சொல்லல. நேரா உள்ள போயி உங்க அண்ணிகிட்ட பேசிக்க. ஆனா பொண்ணப் பெத்தவன், வர்றவங்கள வாங்கன்னு கும்புட்டு நான் வாசல்லதான் நின்னாவணும்.

அருணகிரி